ஆறு கட்டைச் சுருதி

எட்டுப் பிள்ளைகளும் பாய் விரித்து வரிசையாக இருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மெல்ல நடந்து, ஒவ்வொரு தோளருகிலும் காதைச் சாய்த்துக்கொண்டு வந்த சங்கீத ரீச்சர் நிருஜா, ஏழாவது பிள்ளையிடம் நின்றுவிட்டாள். சுருதி பிசகுவது இங்கேதான். தர்சிகாவின் குரல் பலமான குரல். மற்றவர்கள் மேலே ஏறும்போது அது பாதிவழியில் நின்று, பிறகு எங்கேயோ இடறி விழுந்தது. சுருதிப்பெட்டி ஆறு கட்டை உயரத்தில் இழைந்துகொண்டிருந்தது. முன்பாட்டுப் பாடும் கோணேஸ்வரன் மாஸ்டரின் மகளுக்கு அதுதான் வாய்ப்பான இடம். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சுருதி வைத்தால் மற்றவர்கள் வந்து சேருவார்கள் என்பது நிருஜா படித்த காலத்திலிருந்தே பழகிய முறை.

வலயமட்டக் குழு இசைப் போட்டிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. தர்சிகாவைக் குழுவிலிருந்து நிறுத்திவிட நிருஜாவுக்கு மனம் வரவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சைக்கிளில் வருகிற பிள்ளை. ஒருநாள்கூடப் பயிற்சிக்குப் பிந்தியதில்லை. போட்டிக்கென்று வீட்டில் வெள்ளைப் பாவாடையும் தைத்துவிட்டார்கள். காலையில் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்த நிருஜாவுக்கு ஒரு வழி தோன்றியது. அது இரக்கம் என்றே அவள் நம்பினாள். இடைவேளையில் தண்ணீர்ப் பைப்படியில் பிள்ளையைத் தனியாகக் கண்டு சொன்னாள்.

"பிள்ளை, மேடையில நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம். ஒருத்தருக்கும் தெரியாது."

தர்சிகா பைப்பை இறுக்கிப் பூட்டிவிட்டு, "ஓம் ரீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அவர்களுக்கு முதலாமிடம் கிடைத்தது. அடுத்த கிழமை தர்சிகாவின் அப்பா வல்லிபுரம், அன்று காலை பிடித்த பெரிய பாரைமீன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். போட்டியன்று தொழிலுக்குப் போகாமல் மண்டபத்தின் கடைசியில் நின்று பாட்டுக் கேட்டவராம். அதை அலுவலக வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார்.

"எட்டுப் பிள்ளையள் பாடினாலும் என்ர பிள்ளையின்ர குரல் எனக்குத் தனியாக் கேட்டது ரீச்சர்."

"அப்ப அடுத்தமுறை மைக் தேவையில்லை அண்ணை" என்று கணக்கு ரீச்சர் பகிடி விட்டா. எல்லோரும் சிரித்தார்கள். வல்லிபுரம்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். நிருஜாவும் சிரித்து, "ஓம் ஓம், கேட்டிருக்கும்" என்றாள். ஒரு தகப்பனின் சந்தோசத்தில் கை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? பக்கத்தில் நின்ற தர்சிகா பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீனின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து வல்லிபுரத்துக்கு வலை இழுக்கும்போது நெஞ்சு நோ வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐந்தாம் நாள் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஒரு பதிகம் பாடுவிக்க வேண்டும் என்று தாய் இரத்தினேஸ்வரி கேட்டிருந்தா. மகள்தான் பாட வேண்டும், அவர் அதைத்தான் விரும்பியிருப்பார் என்றா. நிருஜா சுருதிப்பெட்டியோடு போனாள். படத்துக்கு முன்னால் தர்சிகா எழுந்து நின்றாள். சுருதி இழைந்தது. பிள்ளையின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் விடாமல், எல்லா எழுத்துக்கும் திருத்தமாக அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பாவம், பிள்ளைக்கு அழுகை அடைக்குது" என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையின் கண் காய்ந்து கிடந்ததை நிருஜா கண்டாள். பெரியவர் ஒருவர் இடையில் எடுத்துப் பதிகத்தைப் பாடி முடித்தார்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியபோது தர்சிகாவை வீட்டில் காணவில்லை. கடற்கரையில் பக்கத்து வீட்டு மாமியின் கருவாட்டுப் பாயருகில் குந்தியிருந்தாள். நிருஜா மணலில் இறங்கி வருவதைக் கண்ட மாமி, "சீலையைத் தூக்கிப் பிடியுங்கோ ரீச்சர், நாளைக்கு வகுப்பில பிள்ளையள் மூக்கைப் பொத்துவினம்" என்றா. பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கருவாட்டை ஒருக்காப் புரட்டிவிடும்படி சொல்லி உள்ளே போய்விட்டா.

நிருஜா கேட்காமலே பிள்ளை கதைத்தாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா பாடச் சொன்னவர். அண்டைக்குப் பாடின பாட்டை ஒருக்காப் பாடு பிள்ளை எண்டு. தொண்டை நோகுது எண்டு சொன்னனான்."

"ஏன் பிள்ளை?"

"என்ர குரலைக் கேட்டா அவருக்குத் தெரிஞ்சிடும் தானே, அண்டைக்கு அவர் கேட்டது என்ர குரல் இல்லை எண்டு."

அந்நேரம் பாயின் அடுத்த தொங்கலில் இரண்டு காகங்கள் இறங்கின. தர்சிகா எழுந்து கையை வீசி, "ஏஏய், போ" என்று நீட்டிக் கத்தினாள். கத்திய அந்தக் குரல் ஓரிடத்தில் நின்றது. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி, நடுங்காமல், விலகாமல் நின்றது. இருபது வருடம் சுருதிக்குப் பழகிய காது தன்பாட்டில் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. நாலரைக் கட்டை.

பிசகின குரல் இல்லை அது. அதன் இடம் கொஞ்சம் கீழே இருந்தது. சுருதிப்பெட்டியின் சின்னத் திருகைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை.

இதைச் சொல்லாமலும் விடலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவர் வரப்போகிறாரா? பிள்ளைக்கு இன்னும் நோகத்தான் செய்யும். நிருஜா கடலைப் பார்த்தாள். முன்னரும் பிள்ளைக்கு நோகக்கூடாது என்றுதான் நினைத்தாள். அது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று கடவுள் காட்டிவிட்டார்.

"தர்சிகா, உன்ர குரல் நல்ல குரல். நான் சுருதியை உனக்கு ஏலாத இடத்தில வைச்சிட்டுப் பிழை உன்னில எண்டு நினைச்சிட்டன். வாயை மட்டும் அசை எண்டு சொன்னதும் பிழை. எல்லாப் பிழையும் என்னில."

பிள்ளை தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப அப்பா கேட்டநேரம் நான் பாடியிருக்கலாமோ ரீச்சர்?"

"ஓம் பிள்ளை" என்றாள் நிருஜா. "பாடியிருக்கலாம்."

தர்சிகா தலையாட்டினாள். குந்தியிருந்து கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாள். நிருஜா எட்டத்தில் நின்றாள். கிட்டப் போகலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதன் நடுவில் பிள்ளை கையை நிறுத்தி, அழுதுகொண்டே, பாயோரத்தில் சற்று நகர்ந்து குந்தினாள். இன்னொருவர் குந்தக்கூடிய அளவு மணல் அங்கே வெறுமையாகக் கிடந்தது.