நாலாவது கால் நாள்

சிவபாக்கியம் மன்னவனூர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள், வயது இருபத்திரண்டு. குளிரைத் தவிர இந்த மலையில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தாள்.

1960 பிப்ரவரி 29, திங்கட்கிழமை. தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தார். நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஏன் ஒரு நாள் கூடுகிறது என்று காலையில் கரும்பலகையில் எழுதி விளக்கிப் பார்த்தாள். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. நடந்து காட்டினால் புரியும் என்று தோன்றவே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினெட்டுப் பேரையும் பள்ளிக்குப் பின்னாலிருந்த புல் சரிவுக்கு அழைத்துப் போனாள்.

நடுவில் நின்ற பையன் சூரியன். அவனைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் மாதங்கள். வேலுத்தாய்தான் பூமி, அவள் வட்டத்தைச் சுற்றி வரவேண்டும். மிச்சமிருந்த நாலு பேர் கால் நாட்கள். ஒரு சுற்று, அதாவது ஒரு வருஷம், முடிந்தால் அதில் மீந்த ஒரு கால் நாள் வந்து பூமியின் பின்னால் சேரும். நாலும் சேர்ந்தால் ஒரு முழு நாள்.

"முருகம்மா, நீ கடைசி" என்றாள் சிவபாக்கியம், வகுப்பிலேயே சின்னவளான பெண்ணிடம். "கீழ அந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்க. நான் கூப்பிடுற வரைக்கும் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. என்ன?"

முருகம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக ஓடினாள்.

வேலுத்தாய் இரண்டாவது சுற்றில் இருந்தபோது புகை வாடை வந்தது. யார் வீட்டு அடுப்போ என்று சிவபாக்கியம் பொருட்படுத்தவில்லை. பிறகு கீழே பள்ளத்திலிருந்து படபடவென்று ஒரு சத்தம். சூரியனாக நின்ற பையன் அந்தப் பக்கம் கையை நீட்டினான்.

பள்ளத்தின் விளிம்பு நெடுகத் தீ எழும்பியிருந்தது. மாசிக் காற்றில் புல் சருகாகக் காய்ந்து கிடந்தது.

"மேல ஓடுங்க! எல்லாரும் மேல ஓடுங்க!" என்று கத்தினாள் சிவபாக்கியம்.

"வேணாம் டீச்சர்!" வேலுத்தாய் குறுக்கே வந்து நின்றாள். அவள் வீட்டில் ஆடு மேய்ப்பவர்கள். "மேட்டுல நம்மளவிட தீ வெரசா ஏறும். கெழங்குக் காட்டுக்கு ஓடணும். ஏலே, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கலே!"

சரிவின் இடப்பக்கம் கிழங்கு நடுவதற்காக உழுது போட்ட நிலம் இருந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள். விழுந்த ஒருத்தியைச் சிவபாக்கியம் இழுத்துக்கொண்டு ஓடினாள். வெறும் மண்ணில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டித் தீ மேலே போய்க்கொண்டிருந்தது.

எண்ணினாள். பதினேழு. தவறாக எண்ணிவிட்டோம் என்று ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினாள். பதினேழுதான்.

"முருகம்மா எங்க டீச்சர்?" என்றாள் வேலுத்தாய்.

தான்தான் அந்தப் பிள்ளையைக் கீழே அனுப்பியது சிவபாக்கியத்துக்கு நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொன்னதும் வந்தது.

"ஒருத்தரும் இங்கேருந்து அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கருகிய சரிவில் இறங்கி ஓடினாள். செருப்பின் அடியில் சாம்பல் கனன்றது. புகையில் பாறை எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட நினைத்தால் குரல் இருமலாகத்தான் வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கையால் துழாவிக்கொண்டே போனாள். என்ன கிடக்குமோ என்ற பயத்தில் நாலடிக்கு ஒருமுறை கால் தானாக நின்றது.

பாறை கையில் சுட்டது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆடுகள் படுத்துப் படுத்துப் புல் இல்லாமல் போன ஒரு துண்டு மண் அங்கே இருந்தது. அதில் முருகம்மாள் தலைமேல் பாவாடையைப் போட்டுக்கொண்டு, பாறையோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தாள்.

தொட்டதும் அசைந்தாள்.

"சத்தம் கேட்டுச்சு டீச்சர். வெளாடுறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் முனகலாக. "நீங்க கூப்பிடவே இல்லையே."

அவளுடைய இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே தோல் கொப்பளித்திருந்தது. சிவபாக்கியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.

புகையைப் பார்த்து ஊர் ஓடி வந்தது. முருகம்மாளின் அம்மா குப்பம்மாள் களைக்கொத்தோடு வந்தாள். அவளைக் கண்டதும், தீயைக் கண்டபோதுகூட வராத பயம் சிவபாக்கியத்துக்கு வந்தது.

"நான்தான்..." என்று ஆரம்பித்தாள். "நான்தாங்க அங்க ஒளியச் சொன்னேன்."

குப்பம்மாள் பிள்ளையின் காலைப் பார்த்தாள். டீச்சரின் கருகிய முந்தானையைப் பார்த்தாள். மகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள். அந்த வாரம் முழுக்கச் சிவபாக்கியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாராவது உரக்கப் பேசினால் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. வேலையை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். முருகம்மாள் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை நடந்துபோய்த் தெருமுனையிலிருந்தே திரும்பினாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, குப்பம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் கால்களில் துணி சுற்றியிருந்தது.

"வீட்டுல இருக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடம் போகணும்னு ஒரே அழுகை" என்றாள் குப்பம்மாள். "மொத வரிசையில உக்கார வைங்க டீச்சர். உங்க கண்ணு இவ மேலயே இருக்கணும்."

"இருக்கும்ங்க" என்றாள் சிவபாக்கியம்.

"எனக்கு இன்னும் நெஞ்சு பதறுது. சொல்லிட்டேன்."

"எனக்கும்தாங்க."

குப்பம்மாள் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சோலி கெடக்கு என்று சொல்லிக் காட்டுப் பக்கம் போனாள்.