ஒண்ணாம் நம்பர் தம்ரூட்

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்கள், வேர்க்குரு வந்தவர்கள், இந்த வெயிலில் தலை சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது தேவலையா? சர்க்கரைக்காரர்கள் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது தம்ரூட் கதை. படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதகமில்லை.

கூத்தாநல்லூரில் சபிஹாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் வீட்டில் நெய் காய்ந்தால் தெரியாமல் போகிற ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ரவையும் முட்டையும் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டி, மேலும் கீழும் சூடு காட்டி, மேல்பக்கம் சிவக்கச் சிவக்க எடுக்கிற பண்டம்தான் தம்ரூட். அந்த ஊர்க் கல்யாண வீட்டில் அது இல்லையென்றால் பேச்சு வந்துவிடும். குவைத்துக்கும் சார்ஜாவுக்கும் போகிற ஆண்களின் பெட்டியில் சட்டைக்கு முன்னால் அதுதான் ஏறும்.

சபிஹாவின் கணவன் ஜாபிரும் அப்படிப் பெட்டி கட்டிக் கட்டிப் போனவன்தான். குவைத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவனுக்குக் குவைத்துக்கே புதிய விசா ஒன்று சென்னை ஏஜென்ட்டிடம் தயாராகக் கிடந்தது. பாஸ்போர்ட்டும் அங்கேயேதான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பெருநாள் கழிந்து விமானம்.

அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் சபிஹா. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்து, டேட்டா சல்லிசாகி, செருப்பிலிருந்து சீப்பு வரை போனிலேயே வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அவளும் ஓர் ஆன்லைன் கடையில் தன் பேரில் ஒரு பக்கம் திறந்து தம்ரூட்டை விற்பனைக்குப் போட்டிருந்தாள்.

"நோன்பு முடியறதுக்குள்ள உன் கடை நிலைச்சிருச்சுன்னா நான் இங்கயே இருந்துடறேன்," என்றான் ஜாபிர். "இல்லன்னா பொறப்படறேன். சரியா?"

"நிலைச்சிரும். பெட்டியத் தூக்கிப் பரண்ல போடுங்க மச்சான். வழியில இடிக்குது."

அவளுக்கு நம்பிக்கை எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் நோன்பு பாதியைத் தாண்டிய ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆன்லைன் கடைக்காரர்களிடமிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. ஜாபிர் இரண்டு தரம் படித்தான்.

"வாங்குனவங்க போடுற ஸ்டாரு அஞ்சுக்கு ரெண்டு கூட இல்லியாம். அடுத்த வெள்ளிக்குள்ள மூணரைக்கு வரலன்னா உன் பக்கத்தை எடுத்துருவாங்களாம்."

"யார் பக்கத்தை? வேற யாருக்கோ வரவேண்டியது உங்களுக்கு வந்துருக்கும்."

"சபிஹா ஹோம் ஸ்வீட்ஸ்னு போட்டுருக்கு. அந்தப் பேர்ல நீங்க எத்தன பேரு இருக்கீங்க?"

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கீழே வரிசையாக ஒற்றை நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியிருந்ததுதான் விசேஷம். 'மாஷா அல்லாஹ், இது மாதிரி சாப்பிட்டதே இல்லை' என்று ஒன்று. அதற்கு ஒரு நட்சத்திரம். 'நாக்கிலேயே நிற்கிறது' என்று இன்னொன்று. அதற்கும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் தலைமாட்டில், கொட்டை எழுத்தில், 'ஒண்ணாம் நம்பர் தம்ரூட். பக்கீர் முகம்மது, நன்னிலம்.'

பார்த்ததும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, மறுபடியும் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

பக்கீர் முகம்மது அவளுடைய தாய்மாமா. நன்னிலத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அரிசிக்காரருக்கு ஒண்ணாம் நம்பர் என்றால் உசத்தி. இரண்டு அதற்கு அடுத்தது. அஞ்சாம் நம்பரைக் கோழிக்குப் போடலாம். குடும்ப வாட்ஸாப் குழுவில் மாமா அனுப்பிய குரல் செய்தி அவளுக்கு நினைவு வந்தது. "நம்ம சபிஹா கடையில எல்லாரும் ஒரு பெட்டி வாங்குங்க. வாங்கிச் சாப்ட்டுட்டு, மறக்காம ஒண்ணாம் நம்பர் போட்டுவிடுங்க." அன்றைக்கு அதைக் கேட்டு அவளே இதயப்படம் ஒன்றைப் போட்டிருந்தாள். மாமா சொன்னால் குடும்பத்தில் தட்டுகிற வழக்கமில்லை. அப்படியே போட்டுவிட்டார்கள்.

கடைக்காரர்களுக்குப் போன் செய்தாள். இனிமையான ஒரு பெண் குரல், "மேடம், எழுதுறதை எங்க சிஸ்டம் படிக்காது, ஸ்டாரத்தான் எண்ணும். போட்டவங்கதான் மாத்தணும். நாங்க தொட முடியாது" என்றது.

ஜாபிரின் குவைத் கூட்டாளி பாசித்துக்கு வேறு யோசனை இருந்தது. போனின் ஸ்பீக்கரில் அவன் குரல் வீடெல்லாம் கேட்டது.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க? எங்க ரூமுல ஆளுக்கு ரெண்டு போனுடா. பேருக்கு ஆளாளுக்கு ஒரு பெட்டி புக் பண்ணிர்றோம். ஊர்ல எங்க வீட்டுக்கு அனுப்பிரு. இன்னைக்கு ராத்திரியே அஞ்சஞ்சாப் போட்டுத் தள்ளிர்றோம்."

ஜாபிர் சபிஹாவைப் பார்த்தான். அவன் பார்வையில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"பாசித் அண்ணே, நீங்க என் தம்ரூட்டச் சாப்ட்டு எத்தன வருஷமாச்சு?" என்றாள் சபிஹா.

"உங்க கல்யாணத்துல சாப்ட்டது."

"அப்ப அந்த ஸ்டார அன்னைக்கே போட்டுருக்கணும். சாப்பிடாம போடாதீங்க."

"என்னா தங்கச்சி, ஒலகமே இப்படித்தான் ஓடுது."

"ஓடட்டும். போன வருஷம் அஞ்சு ஸ்டாரு இருக்குன்னு ஒரு பவர் பேங்க் வாங்குனேன். கரண்டு போன அன்னைக்குத்தான் அதுவும் செத்துச்சு. அப்புறம் போய்ப் படிச்சா, அத்தன பேரும் ஒரே வரிய எழுதி வச்சுருக்கான். எல்லாம் உங்கள மாதிரி ரூம்ல உக்காந்துருந்தவங்கதான்."

பாசித் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். ஜாபிர் சிரிக்கவில்லை. "கடை போச்சுன்னா நான்தான் போகணும், ஞாபகம் இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு. அதனாலதான் நான் மாமாவப் பார்க்கப் போறேன்."

மறுநாள் திருவாரூர் போய் அங்கிருந்து நன்னிலம் பஸ் பிடித்தாள். மாமா மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வா புள்ள. நோன்பு நாளாப் போச்சு, ஒரு டீ கூடச் சொல்ல முடியல. கடை எப்படி ஓடுது?"

"நீங்க போட்ட ஸ்டாருல படுத்துருச்சு மாமா."

மாமாவுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க அவள் பட்டபாடு பெரிய பாடு.

"ஒண்ணுதானம்மா உசத்தி? இந்தா, இது ஒண்ணாம் நம்பர் பொன்னி. அது மூணு. அது இட்லிக்கு. அஞ்சுன்னு நான் போட்டா ஊரு என்னைய என்ன சொல்லும்?"

"மாமா, இது ரகமில்ல, மார்க்கு. அஞ்சுக்கு எத்தன வாங்குனோம்னு கணக்கு."

"அப்ப கூடக் கூட நல்லதா?"

"ஆமா."

"அப்ப நான் உனக்கு அஞ்சுக்கு ஒண்ணா போட்டுருக்கேன்?" மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "படிச்சவன் ஒருத்தன் இந்தக் குழுவுல இல்லாமயா போயிட்டான்?"

"உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்லன்னு பேசாம இருந்துருப்பாங்க."

அவர் உடனே போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். "ஒண்ணு போட்டவங்க எல்லாரும் இப்பவே அஞ்சா மாத்துங்க" என்று ஆரம்பித்தவரைச் சபிஹா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. அஞ்சுதான் உசத்தின்னு மட்டும் சொல்லுங்க. சாப்ட்டவங்களுக்கு என்ன தோணுச்சோ அதைப் போடட்டும்."

"எல்லாம் ஒண்ணுதான?"

"திரும்பவும் ஒண்ணுங்கிறீங்களே."

மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மாமா அவள் சொன்னபடியே சொன்னார். அதற்குப் பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. சிலர் நாலு போட்டார்கள், பலர் அஞ்சு போட்டார்கள். சிலருக்கு எப்படி மாற்றுவது என்றே தெரியவில்லை. புதன்கிழமை பார்த்தபோது மூணரைக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. இன்னும் ஒரே ஒருவர் மாற்றினால் போதும். மாற்றாதவர்களில் ஒரு பெயரைப் பார்த்ததும் சபிஹாவுக்குச் சுருக்கென்றது.

ஷமீரா, வலங்கைமான். ஜாபிரின் தங்கை.

அந்தப் பெண்ணுக்குப் போன் தெரியும், நட்சத்திரம் தெரியும். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். போதாக்குறைக்கு, ஜாபிர் குவைத் போய்விட்டால் தன் புருஷனையும் பின்னாலேயே கூப்பிட்டுக்கொள்வான் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சபிஹாவின் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"மச்சான், உங்க தங்கச்சி உங்களப் பிளேன்ல ஏத்தப் பாக்குறா."

"போன்ல கேளு."

"போன்ல கேட்டா நல்ல பேச்சு பேசுவா. நேர்ல போறேன்."

மன்னார்குடியில் மாறி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, வலங்கைமான் போய் இறங்கும்போது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஷமீரா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவி அவளுக்கு மச்சி.

"வாங்க மச்சி. என்ன திடீர்னு? அண்ணன் வரலியா?"

"அண்ணன் குவைத்துக்குப் போகப் போறாரு. உனக்குச் சந்தோஷம்தான?"

ஷமீரா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "ஸ்டாருக்காக வந்தீங்களா?"

"மாமா சொன்னது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

"அஞ்சுதான் உசத்தின்னு தெரிஞ்சுதா?"

"முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் ஒண்ணு போட்டேன்."

பஸ்ஸில் வரும்போது தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் சபிஹாவுக்கு ஒரே வரியில் காலியாகிப் போனது. ஷமீரா உள்ளே போய் பிரிட்ஜிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். சபிஹா தன் கையால் ஒட்டிய ரோஸ் கலர் லேபிள்.

"நோன்பு, வாயில வைக்க முடியாது. மோந்து பாருங்க."

மூடியைத் திறந்து சபிஹா மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். நெய் வாசத்துக்கு அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்தது போல ஒரு புழுங்கல் வாடை. மூடியின் உட்பக்கம் நீர்த்திட்டுகள் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தன.

"கூரியர் ஆபீஸ்ல லீவு நாளோட கெடந்து வந்துச்சு," என்றாள் ஷமீரா. "தெறந்தப்பவே இப்படித்தான்."

சபிஹாவுக்குப் புரிந்துவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு கிண்டுகிறாள், ருசி பார்க்க வழியில்லை. கூரியர் வண்டி மதியத்திலேயே வந்து ஹாரன் அடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பெட்டியில் போட்டு, சூட்டோடு மூடி, டேப் ஒட்டி ஓடுவாள். உள்ளே வேர்த்துப் போகும். பக்கத்து ஊருக்கு மறுநாளே போனதில் அவ்வளவாகத் தெரியவில்லை. தூரம் போனதில், தாமதமானதில் வாடை.

"ஏன்டி, இத எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்ல? ஊருக்கே காட்டணுமா?"

"நீங்க கேட்டீங்களா மச்சி? எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள் கேட்டீங்களா? ஸ்டார் போட்டியா, ஸ்டார் போட்டியான்னு மூணு தரம் மெசேஜ் அனுப்புனீங்க. கேட்டத போட்டேன்."

சபிஹா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் இங்க இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" என்றாள் ஷமீரா. "ஆனா இத நல்லாருக்குன்னு நான் போட்டு, அத நம்பி மதுரையிலயோ சேலத்துலயோ ஒருத்தி வாங்கிப் புள்ளைக்குக் குடுத்து, அதுக்கு வயித்தால போனா, அந்தப் பாவம் உங்களுக்கா, எனக்கா?"

சபிஹாவுக்குத் தன் பவர் பேங்க் கதை நினைவு வந்தது. பாசித்துக்கு அவ்வளவு பேசியவள் அவள்தானே. அங்கிருந்தே நன்னிலத்துக்குப் போன் போட்டாள்.

"மாமா, நெசமாச் சொல்லுங்க. பெட்டியில வாடை இருந்துச்சா?"

மாமா கொஞ்சம் இருமினார். "லேசா இருந்துச்சு. நம்ம புள்ள செஞ்சதுதானேன்னு..."

நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஷமீரா பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சபிஹா தன் பக்கத்தில் 'இருப்பு இல்லை' என்று போட்டாள். அதற்குக் கீழே ஜாபிரை எழுதச் சொன்னாள்: 'முன்னால் அனுப்பிய பெட்டிகளைச் சூட்டோடு மூடிவிட்டோம். வாடை இருந்தால் சாப்பிடாதீர்கள். சொல்லுங்கள், வேறு பெட்டி வரும்.'

"நீயே உன் கடைக்கு ஒத்த ஸ்டாரு போட்ட மாதிரி இருக்கு," என்றான் ஜாபிர், தட்டிக்கொண்டே.

"இருக்கட்டும். தெரிஞ்சு போட்டது."

மறுநாள் செய்ததைக் கூடத்தில் தட்டோடு பரப்பி டேபிள் பேனைத் திருப்பி வைத்தாள். கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெட்டி. கூரியர் வண்டி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. "நாளைக்கு வாங்க தம்பி" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டாள். வலங்கைமானுக்கு மட்டும், ஆறியதும் அன்று மாலையே ஒரு பெட்டியை ஜாபிர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தான். ஷமீராவின் ஒற்றை நட்சத்திரம் நாலாகியிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'இப்போது நல்ல வாசம். சர்க்கரை கொஞ்சம் கூட.' எண் மூணரையைத் தாண்டிவிட்டது.

"நாலுதானா?" என்றாள் சபிஹா. "சர்க்கரை கூடவாமா? அவ நாக்கு அப்படி." சொல்லிக்கொண்டே சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள்.

ஜாபிர் சென்னைக்குப் போன் போட்டான். "பாய், அந்த விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருங்க. என் பாஸ்போர்ட்ட கூரியர்ல போட்டுருங்க... இல்ல பாய், இங்க வேலை இருக்கு." வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடியைத் தேடினான்.

"மச்சான், ஆறட்டும். மூடாதீங்க."

அவ்வளவுதான் விஷயம். பார்க்காத பொருளுக்கு, சாப்பிடாத பண்டத்துக்கு, சொந்தம் என்பதற்காக நீங்களும் அஞ்சு போட்டிருப்பீர்கள். கோபத்தில் ஒன்று போட்டவர்களும் இருப்பீர்கள். அதனால் யாருக்கு என்ன ஆனது, பிறகு மாற்றினீர்களா? கீழே எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.