தொண்ணூற்றில் நின்ற ரென்ச்

காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கியதும் மெக்கானிக்கின் கண்ணில் முதலில் பட்டது நட்டை அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச்தான், மேஜைமேல் கிடந்தது. அதன் அளவுக்கோடு தொண்ணூற்றில் நின்றது.

தொண்ணூறு என்பது சக்கர நட்டின் அளவு. நூற்றுப் பத்தில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

விஷயம் இதுதான். அவர் மனைவியிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட்டு. கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. அவளுக்குக் கார் முதலில், கணவர் அப்புறம்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள், அவரும் மறுத்ததில்லை. அந்தக் காருக்குத்தான் மூன்று வாரமாகப் பெரிய டிஸ்க், புது பிரேக், குட்டை ஸ்பிரிங், முன் சக்கரங்களைத் தாங்கும் புது லோயர் ஆர்ம் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்மின் நான்கு போல்ட்டையும் வண்டி தூக்கியிருக்கும்போது கையால் மட்டும் முறுக்கிவிட வேண்டும். சக்கரம் மாட்டி, இறக்கி, கொஞ்சம் உருட்டி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் நூற்றுப் பத்தில் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். அந்தப் பட்டறையில் எப்போதும் கடைசி வேலை அதுதான்.

கடைசி வேலையை யாரும் செய்யவில்லை. கார் நின்ற இடமோ காலியாக இருந்தது. புது பிரேக்கைப் பார்க்க மலைப்பாதைக்குப் போகிறேன் என்று விடிந்ததும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவரும் போர்வைக்குள்ளிருந்தே "ம்" கொட்டியிருந்தார்.

சக்கரம் மாட்டியது மைத்துனன், அவளுடைய தம்பி. இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள், ஆனால் பதினோரு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரை ஒரு இஞ்ச் இறக்குவதா, ஒன்றரை இஞ்ச் இறக்குவதா என்பதில் வந்த சண்டை. அரை இஞ்சுக்காக ஏழு கழுதை வயதான இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் வழியாகவே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனன் உள்ளே வந்தான். மெக்கானிக்குக்கு ரோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"லோயர் ஆர்ம் போல்ட்டை இறுக்கினியா?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கேட்கிறார் என்று.

"உன்னத்தான்டா."

"அது நீங்க மாட்டினது. நீங்களே இறுக்கியிருப்பீங்கன்னு விட்டுட்டேன் மாமா."

"கையாலதான் முறுக்கினேன். வண்டிய இறக்கினதும் உன்னை இறுக்கச் சொல்லி அக்காகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"அக்கா ஒண்ணும் சொல்லலையே."

அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனை டிக்கியில் போட்டுவிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பட்டறை வேனை மைத்துனன் ஓட்டினான். மெக்கானிக் ரென்ச்சை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறும்போது ஒன்றும் ஆகாது, இறங்கும்போதுதான் ஆபத்து. சோதித்துப் பார்க்கவென்றே போனவள் முழு பலத்தோடு மிதிப்பாள். பழைய பிரேக்காக இருந்தாலாவது தப்பிக்கலாம். அவர் பார்த்துப் பார்த்து வாங்கிய புது பிரேக் பிடிக்கிற பிடியில் போல்ட் உருவிக்கொண்டால் சக்கரம் அப்படியே பின்னால் மடங்கிவிடும்.

"வேகமாப் போடா."

"போய்ட்டுதான் இருக்கேன்."

ஒன்பதாவது வளைவில் தடுப்புச் சுவர் ஒரு இடத்தில் உடைந்திருந்தது. மைத்துனன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பழைய உடைசல், இடுக்கில் புல் முளைத்திருந்தது. மைத்துனன் மறுபடியும் ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

பன்னிரண்டாவது வளைவைத் தாண்டியதும் கார் தெரிந்தது. கீழ்நோக்கிப் பார்த்தபடி, சுவரை உரசிக்கொண்டு நின்றது. அவள் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். முழுசாக இருந்தாள். முகம்தான் வெளுத்திருந்தது.

"முதல் மிதிக்கு டக்குன்னு சத்தம். ரெண்டாவது மிதிக்கு ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிச்சு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு சுவரோட தேய்ச்சு நிறுத்தினேன்" என்றாள்.

மெக்கானிக் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டார். ஒரு நட்டு கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

"நேத்து உன்கிட்ட சொன்னேனே" என்றார், படுத்தபடியே.

"சொன்னீங்க. நான்தான் அவன்கிட்ட சொல்லல." அவள் குரல் உயரவில்லை. "நேத்து காலைலேர்ந்து யார் சொன்னதையும் நான் யார்கிட்டயும் கொண்டுபோகல. ஒருத்தராவது நேர்ல வந்து கேப்பீங்கன்னு பார்த்தேன். அது உயிர் போற சேதின்னு எனக்கு எங்க தெரியும்? பதினோரு நாளா நீங்க சொல்லி அனுப்பினது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

வெட்கத்தில் மெக்கானிக்குக்குக் கண் கரித்தது. நல்லவேளை, முகம் காருக்கு அடியில் இருந்தது.

வண்டி தன் எடையில்தான் உட்கார்ந்திருந்தது. இறுக்குவதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

"எத்தனை மாமா?"

"நூத்திப் பத்து."

"நூத்திப் பத்து" என்று மைத்துனன் சத்தமாகத் திருப்பிச் சொல்லி, அளவைத் திருகி வைத்து, ரென்ச்சை அவர் கையில் வைத்தான். ரென்ச்சைக் கைமாற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டிரண்டு போல்ட் இறுக்கினார்கள்.

அவர்கள் எழுந்து தூசி தட்டுவதற்குள் அவள் வேன் சாவியை எடுத்திருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கார்ல வாங்க. நான் வேன்ல வரேன்."

மெக்கானிக் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் மைத்துனன் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒடுங்கினான். கார் சரிவில் தானாகவே வேகம் பிடித்தது. முன்னால் வளைவு வந்தது, சுவருக்கு அப்பால் வெறும் வானம். மெக்கானிக் பிரேக்மேல் காலை வைத்தார், அழுத்தவில்லை.

"நீ இறுக்கினத நான் பார்த்தேன். நான் இறுக்கினத நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நாலுமா?"

"நாலும் பார்த்தேன் மாமா. மிதிங்க."

மிதித்தார். சத்தமே இல்லாமல் கார் நேராக நின்றது. கண்ணாடியில் பார்த்தால், வேன் ரொம்ப தூரம் இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது.