வடிகால் வாயில் ஒரு சாக்கு

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த அந்த ஒரு மாதத்துக்கு, நாரணாபுரத்திலிருந்து பன்னிரண்டு பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டி வந்திருந்தார் மேஸ்திரி வேலுச்சாமி. கப்பலிலிருந்து கந்தகம் இறக்கும்போது தளத்தில் சிந்துவதை அள்ளிச் சாக்கில் கட்ட வேண்டும். அதில் கொஞ்சம் கடலுக்குள் போய்விட்டாலும், அன்றைக்கே எல்லோரும் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பொன்மணிக்குக் கந்தகம் பதினான்கு வருடப் பழக்கம். கடலை இப்போதுதான் பார்க்கிறாள். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் இப்படியொரு நீலம் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை கிரேன் வாயிலிருந்து ஒரு குவியல் அவள் காலடியில் சரிந்தது. சிந்திய வெடிமருந்தில் உடனே தண்ணீர் ஊற்று என்பது பட்டாசு அறையில் அவள் உடம்பே கற்றுக்கொண்ட பாடம். வாளி எப்போது கைக்கு வந்ததென்று அவளுக்கே தெரியாது. ஊற்றிய பிறகுதான் பார்த்தாள். கரையாத மஞ்சள் நெளிந்து நெளிந்து, கடலுக்குப் போகும் வடிகாலை நோக்கி ஓடியது.

காலிச் சாக்குகளை வாரிக்கொண்டு ஓடி, வடிகால் வாயை அடைத்தாள்.

“விடு ஆத்தா,” என்றார் வேலுச்சாமி. “பத்து மணிக்கு ஹார்பர் ஆபீசர் வாராரு. இன்னும் ரெண்டு வாளி ஊத்தித் தள்ளிவிட்டா தடமே இருக்காது. கடல் எம்புட்டுப் பெரிசு.”

“நம்ம கம்மாயில கழிவ விட்டவனும் இப்பிடித்தான் மாமா சொன்னான். இப்ப அங்கன மாடு வாய் வைக்குதா?”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஊத்துனது யாரு?”

“நாந்தான். அள்ளப் போறதும் நாந்தான். நீங்க சாக்க அமுத்திப் பிடிங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். கூட வேலைக்கு வந்த செல்லத்தாய் கொண்டுவந்த இரும்பு மண்வெட்டியைப் பொன்மணி தள்ளிவிட்டாள். உரசினால் பொறி வரும். மரத்தட்டால் வழித்து வழித்து, கடைசி ஈரம்வரை சாக்கில் ஒற்றி எடுத்தாள்.

ஆபீசர் வந்தபோது அவளே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் வடிகால் கடலைத் தொடும் இடத்தில் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வெயிலில் பிடித்தார். மஞ்சள் இல்லை.

“தண்ணி ஊத்துனத எழுதித்தான் ஆகணும்மா. நாளைக்கும் இப்பிடி நடந்தா?”

“வடிகால அடைச்ச பெறகுதான் சார் கிரேன் வாயத் தொறக்கணும். அதையும் எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். யாரும் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கிரேன் அசையும் முன்பே வடிகால் வாயில் மணல்மூட்டைகள் இருந்தன. தளத்திலிருந்த ஒரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார் வேலுச்சாமி.

“ஒங்கையி சும்மா இருக்காது தாயி,” என்றார்.