மூன்றாம் வாரப் பாடம்

புள்ளியியல் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'தசமம்'. புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் பிசகினாலும் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார். அவருடைய இணையப் பாடத்தில் போன பருவம் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஐம்பத்தொரு பேர்தான் முடித்தார்கள். அடுத்த பருவமும் இப்படியே போனால் பாடத்தை நிறுத்திவிடுவோம் என்று கல்லூரியின் தரக்குழு கடிதம் அனுப்பியது. சரிசெய்யும் வேலை பாட வடிவமைப்பாளரின் தலையில் விழுந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பாதியில் விட்டவர்களில் ஒருவர் அவளுடைய அக்கா கணவர், பேருந்து ஓட்டுநர். முதலில் அவரைத்தான் கேட்டாள்.

"ஏன் அத்தான் விட்டீங்க?"

"கணக்கு வராம இல்லம்மா. டிப்போல இருபது நிமிஷம் ஓய்வு. வீடியோ ஒண்ணரை மணி நேரம். விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள வண்டிய எடுக்கச் சொல்லிடுவாங்க."

பேராசிரியரோ பிடி கொடுக்கவில்லை. "பாடம் நல்லாத்தான் இருக்கு. இவங்க படிக்கிறதில்ல."

அவள் வாதாடாமல் தன் கைப்பேசியை நீட்டினாள். "மாணவர் கணக்குல உள்ள போயிருக்கேன் சார். மூணாவது வாரத்தை மட்டும் நீங்க முடிச்சுக் காட்டுங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் பொறுமை இழந்து தன் வீடியோவையே வேகமாக ஓட்டினார். பிறகு வீட்டுப்பாடத்தைத் தேடினார். மேலே போனார், கீழே வந்தார், பெருமூச்சு விட்டார். இருபத்திரண்டு நிமிடம் கழித்து, 'மற்றவை' என்ற பக்கத்தின் அடியில் அது அகப்பட்டது.

"இதை யாரு இங்க கொண்டுபோய் வச்சது?"

"நீங்கதான் சார்."

எழுந்து போய்விடுவார் என்று அவள் பயந்தாள். அவர் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

ஏழு வாரம் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வார முடிவிலும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அதற்கு உதவாததெல்லாம் போயிற்று. "இது என் உசிரும்மா," என்று ஒரு பகுதிக்காக அவர் கெஞ்சினார். விருப்பப்பட்டவர்கள் படிக்கலாம் என்று அதைத் தனியே வைத்தாள்.

கேமராவுக்கு முன்னால் மனிதர் மரக்கட்டை ஆகிவிட்டார். மூன்று முறை எடுத்தும் சரிவரவில்லை. அவள் கேமராவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சராசரின்னா கூட்டி வகுக்கிறதுதானே சார், அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"என்ன இருக்கா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு நிமிடம் பொரிந்து தள்ளினார். அதுவே முதல் வீடியோ ஆயிற்று.

பாடத்தில் உதாரணமாகக் காட்ட, அத்தான் தன் பேருந்து தாமதமான நேரங்களை இரண்டு வாரம் குறித்துக் கொடுத்தார். பொம்மையைப் பார்க்கும் குழந்தைபோல் பேராசிரியர் அதைப் பார்த்தார். "இவரை மறுபடியும் சேரச் சொல்லும்மா."

பருவம் தொடங்கியதும், பாடத்துக்கு வராதவர்களுக்குத் திங்கள்தோறும் அவரே பெயர் சொல்லி எழுதினார். இம்முறை சேர்ந்தவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். நூற்று இருபத்து மூன்று பேர் முடித்தார்கள். அத்தான் எண்பத்தொரு மதிப்பெண் வாங்கினார். அந்த மதிப்பெண் பக்கத்தை அச்சிட்டு வரச் சொல்லி அக்கா அவளுக்கு இரண்டு தடவை போன் செய்தாள்.

தரக்குழுக் கூட்டத்தில் தலைவருக்குச் சந்தேகம். "வினாத்தாளை லேசாக்கிட்டீங்களோ?"

பேராசிரியர் இரண்டு பருவத்துத் தாள்களையும் மேசைமேல் வைத்தார். "ரெண்டும் ஒரே கடினம், நீங்களே பாருங்க. திருத்தினதும் நான்தான். என் கை எப்படின்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும்." பிறகு எழுந்து தன் இருக்கையை அவளுக்குக் கொடுத்தார். "எப்படி நடந்துச்சுன்னு இவங்க சொல்லட்டும்."

அவள் சொன்னாள். டிப்போவின் இருபது நிமிட ஓய்விலிருந்து தொடங்கினாள். எல்லாத் துறைகளும் இந்தப் பாடத்தைப் பார்த்துத் தங்கள் பாடங்களைத் திருத்த வேண்டும் என்று குழு அன்றே முடிவெடுத்தது.

வெளியே வந்தபோது வேதியியல் பேராசிரியை கூடவே நடந்துவந்தார். "என் வீடியோ ரெண்டு மணி நேரம் ஓடுதும்மா. திட்டாம கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"நாளைக்குக் காலைல வாங்க மேடம்," என்றாள் அவள். சிரிப்பை அடக்க அவள் முயலவில்லை.