அணைத் தண்ணீர் கசிந்த சுவர்

ஆரணியில் தெய்வநாயகி வீட்டு மேற்குச் சுவரில், வெகுதூரத்தில் மலைமேல் இருந்த அணையின் தண்ணீர் கசிந்தது. அவள் கணவன் பாலமுருகன் அந்த அணையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த 1991இல் அது தொடங்கியது. பட்டுத் தறியை விட்டுவிட்டு அவளால் கூடப் போக முடியவில்லை. அவன் பண்டிகைக்குப் பண்டிகை வந்து போனான். அங்கே ஏரி நிரம்பும் மாதங்களில் இங்கே சுவர் முத்து முத்தாக வியர்க்கும். மின்சாரம் எடுக்கத் தண்ணீரைப் பெரிய குழாய்களில் இறக்கி டர்பைனைச் சுற்றவிட்டால், அலமாரிப் பாத்திரங்கள் மெல்ல முனகும். அவன் வேலையில் இருக்கிறான் என்ற நிம்மதியில் அவள் தறியில் நாடாவை ஓட்டுவாள். சுண்ணாம்பு அடித்தால் நின்றுவிடும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். அடித்தும் நிற்கவில்லை, அத்தோடு விட்டுவிட்டார்கள்.

1997 ஐப்பசியில் சுவர்த் தண்ணீர் கலங்கி வந்தது. தெய்வநாயகி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"இன்னாங்க, செவுத்துல தண்ணி கலங்கலா வந்துகினு இருக்குது."

கான்கிரீட் அணை எதுவுமே கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கினால் அடிப்பாறை அரிபடுகிறது என்று அர்த்தம். பாலமுருகனுக்கு அது தெரியும்.

"நல்லா பாத்தியா?"

"நாக்குல வெச்சே பாத்தேங்க. கல்லுமாவா நறநறங்குது."

அவன் அணையின் வயிற்றுக்குள் போகும் சுரங்கப் பாதையில் இறங்கினான். கடைசி வடிகுழாயில் அதே கலங்கல். மதகுகளைத் திறந்து ஏரியை மெல்ல இறக்கினார்கள். அரிப்பை அடைக்கப் பாறையில் துளையிட்டுச் சிமென்ட் பால் செலுத்தினார்கள். கீழே இருந்த ஊர்கள் தப்பின.

ஆனால் ஏரி இறங்கியதும் ஆரணியில் சுவர் காய்ந்துவிட்டது. பாத்திரங்கள் ஊமையாகிவிட்டன. நன்றாக இருக்கிறேன் என்று அவன் போனில் சொன்னது அவளுக்குப் போதவில்லை. பாதிச் சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டு, மகள் ஹேமலதாவைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறினாள்.

"இன்னா தெய்வா, சொல்லாம கொள்ளாம?"

"செவுரு காஞ்சிப்போச்சிங்க. இருப்புக் கொள்ளல."

அவன் அவளைச் சுரங்கப் பாதைக்குள் கூட்டிப்போய், ஈரக் கான்கிரீட்டில் அவள் உள்ளங்கையைப் பிடித்து வைத்தான். ஊருக்கே மாற்றல் கேட்கட்டுமா என்றான். அவள் அழுதுகொண்டே, "ஏரி ரொம்பட்டும், அப்பறம் கேளுங்க" என்றாள்.

ஏரி நிரம்பியது, சுவரும் நனைந்தது. மாற்றல் கிடைக்க ஏழு வருடம் ஆனது. அவன் ஆரணிக்கே வந்துவிட்ட பிறகும் கசிவு நிற்கவில்லை, குடம் வைத்துப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. 2009இல் ஹேமலதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து விசாரித்தார்கள். அணைத் தண்ணீர் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்தான் பாலமுருகன்.

"கோடையில கூட வருங்களா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. வரும் என்றதும், இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத் தாம்பூலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.