கண்ணாடியில் வைத்த பொட்டு

ஒரு கோடு வெளிச்சம். ஸ்கேனரின் அடியில் மெல்ல நகர்கிறது. முகங்கள்மேல் ஏறி, முகங்களிலிருந்து இறங்கி, அணைகிறது.

வெளியே ஐப்பசி மழை. மறுபடி ஒரு கோடு. மறுபடி முகங்கள். மறுபடி மழை.

குமுதவல்லிக்குக் கண் எரிந்தது. ஐந்து மாதமாக இதுதான் வேலை. அலைமேட்டு மீனவர் வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய படங்களை வாங்கி வர வேண்டும். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் ஸ்கேன் செய்ய வேண்டும். பெயர் எழுதிக் கணினியில் ஏற்ற வேண்டும்.

ஒரு கல்லூரி நடத்தும் ஊர் வரலாற்றுத் தொகுப்பு அது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். யார் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முதுகு வலிப்பது மட்டும் தெரியும்.

படத்தைத் திருப்பித் தருமுன் கண்ணாடியைத் துடைப்பாள். ஈரத்துணி. பிறகு உலர்ந்த துணி. பிறகு பழைய செய்தித்தாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். அந்த நல்ல பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

அலைமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்படகு இறக்கும் நாளில் அதில் போகிற ஆட்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால், கருமாதி அன்று, கண்ணாடியில் அவர் நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார்கள். உதிர்ந்தால் அமாவாசைக்கு மறுபடி வைப்பார்கள்.

ஒரு படத்தில் இரண்டு பொட்டு. ஒரு படத்தில் நான்கு. ஒரு படத்தில் எல்லோருக்கும். தேதி கிடையாது, எழுத்து கிடையாது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அதைப் படிக்கத் தெரியும்.

குமுதா வயல்காட்டு ஊர்க்காரி. பூசையில் சிந்திய கறை என்று நினைத்தாள். ஐந்து மாதம், இருநூற்றுச் சொச்சம் கண்ணாடி. அத்தனையையும் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருந்தாள்.

போன வாரம் ஒரு பெரியவர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

“பாப்பா, படம் வந்து சேந்துச்சு. செத்துப்போன எங்கண்ணன் உசுரோட நிக்கிறாப்ல இருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கு. பொட்ட எங்கம்மா?”

அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் குமுதாவுக்குப் புரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வரலாற்றைக் காப்பாற்றப் போனவள் அதைத் துணியில் ஒற்றிச் சாக்கடையில் பிழிந்துவிட்டாள்.

கொடுத்த படங்கள் கொடுத்தவைதான். துடைத்து வைத்த பதினான்கு படங்கள் இன்னும் அறையில் இருந்தன. அவற்றையாவது சரிசெய்வோம் என்று ஒரு மாலை உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் இறந்த ஆண்டு என்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தைப் பார்த்தாள். ஆண்டு எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் சந்தனம் குழைத்துத் தொட்டு, கைப்பையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து பொட்டு வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள்.

மறுநாள் காலை தையல்நாயகி வந்தாள். நனைந்த குடை. நனைந்த முந்தானை. நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு. தன் வீட்டுப் படத்தை வாங்கிப் போக வந்திருந்தாள்.

படத்தில் ஆறு ஆட்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகைப் புயலில், ஆறு பேரும் திரும்பவில்லை. ஐந்து உடல்கள் கரை ஒதுங்கின. தையல்நாயகியின் கணவன் காத்தலிங்கம் மட்டும் ஒதுங்கவில்லை.

ஊரில் சொன்னார்கள், பொட்டை எடு என்று. “ஒடம்பக் காட்டுங்க, எடுக்கிறேன்” என்றாள். அடுத்த வருஷமும் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷமும் சொன்னார்கள். பிறகு சொல்லி ஓய்ந்தார்கள். அவளும் ஓய்ந்துதான் போயிருந்தாள். ஆனால் விடவில்லை.

அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்குப் பொட்டு இரண்டில் ஓரிடத்தில்தான் இருக்கும். மனைவியின் நெற்றியில், இல்லாவிட்டால் கணவனின் கண்ணாடியில்.

தையல்நாயகியே நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஐந்து பேருக்குத்தான் ஆண்டு இருந்தது. ஆறாவது கட்டம் காலி. காலியாக விட்டால் கணினி ஏற்காது. குமுதா டீக்கடையில் விசாரித்தாள். “அவரும் அன்னிக்கே போய்ட்டாரும்மா” என்றார்கள். அதே ஆண்டை எழுதிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது அங்கேதான்.

தையல்நாயகி படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். ஆறு பொட்டு. எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“இத யாரு வச்சது?”

“நான்தாங்க்கா.”

“யாரக் கேட்டு வச்ச?”

தெரியாமல் செய்தேன் என்று குமுதா சொல்லலாம். கண்ணாடியைத் துடைத்ததும் தெரியாமல்தான். ஒரு மனுஷி எத்தனை தடவை அதையே சொல்வது? தலையைக் குனிந்துகொண்டாள். தன் வேலையின்மேல், தன் கைகளின்மேல், தாங்க முடியாத வெறுப்பு வந்தது.

தையல்நாயகி கத்தவில்லை. சாபமும் விடவில்லை. கண்ணாடியில் காத்தலிங்கத்தின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனத்தின் ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

செத்தவர் படத்திலிருந்து குங்குமத்தை எடுத்து யாரும் இட்டுக்கொள்வதில்லை. கை பட்டாலே கழுவிவிடுவார்கள். அவள் மோதிர விரலால் அந்த ஒரு பொட்டை மட்டும் வழித்து எடுத்தாள். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. எடுத்ததைத் தன் பொட்டின்மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

தையல்நாயகி விரலை முந்தானையில் துடைத்தாள்.

“ம். இப்ப எடு.”

கண்ணாடியோடு எடுக்கக் கூடாது என்பது விதி. வெளிச்சம் பட்டுக் கூசும். படம் கெடும். குமுதா கண்ணாடியோடு வைத்தாள். கோடு நகர்ந்தது. ஐந்து முகங்களில் சிவப்பு. ஒரு முகம் வெறும் முகம். ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் தெறிப்பு. இருக்கட்டும்.

திரையில் தன் வீட்டுக்காரனை அவள் வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிக் காட்டியபோது சிரிக்கிறானா என்று கேட்டாள். சிரிக்கிறார் என்றாள் குமுதா. நிஜமாகவே இலேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு கட்டங்கள் வந்தன. ஐந்து பெயர், ஐந்து ஆண்டு. ஆறாவது பெயருக்கு எதிரே, தான் எழுதிய ஆண்டைக் குமுதா ஒவ்வொரு எண்ணாக அழித்தாள். காலிக் கட்டம் சிவப்பாகி நின்றது.

“இங்க என்னக்கா எழுத?”

“ஒண்ணும் எழுதாத.”

“எழுதலன்னா ஏத்துக்காதுக்கா. படம் வெளியில வராது. அப்படியே காத்துக்கெடக்கும்.”

தையல்நாயகி படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கட்டினாள். மழை விடவில்லை. குடையை எடுத்தாள். வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“கெடக்கட்டும். நாங் கெடக்கல?”